கடைசிப் பந்தியில் நிற்போர்

ஒரு வியாபார ஸ்தாபனம் முறிந்துவிட்டது என்ற செய்தி வெளிவந்ததும், பாங்கிக்கு எத்தனை கோடி பாக்கி, பங்குதாரர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கே முதலில் பேசப்படுகிறது. ஜனங்களோ, "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பூட்டிய கதவின் முன் வந்து நிற்பவர்கள் பாங்கி அதிகாரிகளும் அல்லர், பங்குதாரர்களும் அல்லர். இரண்டு மாதச் சம்பளம் வராத குமாஸ்தாவும், மகள் கல்யாணத்துக்கென்று மாதாமாதம் பணம் கட்டிய தாயாரும், சரக்கு அனுப்பிவிட்டுப் பட்டியலுக்குப் பணம் வராமல் தவிக்கும் சிறு வியாபாரியுமே அங்கே நிற்கிறார்கள். இவர்களுடைய நிலைமையைச் சட்டம் எவ்வாறு கருதுகிறது, எவ்வாறு கருத வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம்.

இவர்களைப் பற்றிய அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. தொழிலாளி முதலில் உழைக்கிறார். மாதம் முடிந்த பின்னரே கூலி பெறுகிறார். அந்த முப்பது நாட்களும் அவர் தம் உழைப்பை முதலாளிக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார். முன்பணம் கட்டும் வாடிக்கைக்காரர் முதலில் பணத்தைக் கொடுக்கிறார். பின்னரே சரக்கு பெறுகிறார். சரக்கு கைக்கு வரும் வரையில் அவரும் கடன் கொடுத்தவரே. பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவந்து மண்டியில் இறக்கிவிட்டு, "பணம் அடுத்த வாரம்" என்ற சொல்லை நம்பி ஊர் திரும்பும் குடியானவரும் அப்படியே. பாங்கியானது கணக்குப் புத்தகங்களைப் பார்த்து, நிலத்தையும் இயந்திரங்களையும் ஈடாக எழுதி வாங்கி, வட்டி விகிதம் பேசிய பிறகே கடன் கொடுக்கிறது. இவர்களுக்கு ஈடும் இல்லை, வட்டியும் இல்லை. தாங்கள் கடன் கொடுக்கிறோம் என்ற நினைவுகூட இவர்களுக்குக் கிடையாது. அறிந்து கொடுத்த கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அறியாமற் கொடுத்த கடனுக்கு இல்லை. திவால் விஷயத்தில் நாம் காணும் பெரிய அநியாயம் இதுவே.

வியாபார முறிவு ஏதோ தூர தேசத்துச் சங்கதி என்று நம் ஜில்லாவாசிகள் எண்ண வேண்டாம். கருமுத்து தியாகராஜச் செட்டியாரின் பெயரோடு சேர்ந்த மீனாட்சி மில்லின் பரவை ஆலை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி.எச்.சி.எல். கம்பெனியின் கைக்கு மாறிற்று. அதே கம்பெனி 2006-ஆம் வருஷத்தில் கடல் கடந்து இரண்டு ஸ்தாபனங்களை வாங்கியது. ஒன்று, அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்தின் டான்வில் நகரில் 1882-இல் தோன்றிய டான் ரிவர் என்ற பழம்பெரும் ஜவுளி ஸ்தாபனம். மற்றொன்று, இங்கிலாந்தில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் விற்றுவந்த ரோஸ்பீஸ் என்ற கடைத் தொகுதி. 2008-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் டான் ரிவர் திவால் கோர்ட்டுக்குப் போயிற்று. உலகப் பொருளாதார நெருக்கடி முற்றிய அதே வருஷம் செப்டம்பரில் ரோஸ்பீஸும் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட கடைகளில் வேலை செய்த சுமார் 2,000 ஊழியர்களின் பிழைப்பு கேள்விக்குரியதாயிற்று. பரவை ஆலை பிழைத்தது; அதன் நூற்பு வியாபாரம் 2023-இல் தனிக் கம்பெனியாகவும் பிரிக்கப்பட்டது. ஒரே முதலாளியின் கீழ் இருந்த மூன்று ஊர்த் தொழிலாளர்களில் இரண்டு ஊரார் வேலையிழக்க, ஒரு ஊரார் தப்பினார்கள். டான்வில் தொழிலாளி சோம்பேறியாக இருந்ததாலோ, பரவைத் தொழிலாளி அதிகம் உழைத்ததாலோ இப்படி நேர்ந்ததென்று யாரும் சொல்ல முடியாது. முடிவு செய்தவர்கள் வேறு. பலனை அனுபவித்தவர்கள் வேறு.

இங்கிலாந்தில் ஒரு கடை முறிந்தால் அங்குள்ள ஊழியர்களுக்கும் வாடிக்கைக்காரர்களுக்கும் என்ன கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாளி சம்பளம் கொடுக்க வகையற்றுப் போனால், தேசிய இன்ஷூரன்ஸ் நிதியிலிருந்து சர்க்காரே ஒரு வரம்புக்குட்பட்டு எட்டு வாரச் சம்பளப் பாக்கி வரையில் கொடுத்துவிட்டு, பிறகு திவாலான சொத்திலிருந்து அதை வசூலித்துக்கொள்ள முயல்கிறது. தொழிலாளி கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1974-ஆம் வருஷத்து நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டு மூலம் வாங்கியவர், கடைக்காரரிடம் கேட்கக்கூடியதைக் கார்டு கொடுத்த பாங்கியிடமும் கேட்கலாம்.

ஆயினும் அங்கேயும் ஓட்டை இல்லாமற் போகவில்லை. 2006-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஃபேர்பாக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்புக் கம்பெனி முறிந்தது. நம் ஊர்த் தீபாவளிச் சீட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஏழைக் குடும்பத்தார் வாரந்தோறும் சிறு தொகை கட்டி, பண்டிகைக்கு முன் பரிசுச் சீட்டாகவோ சாமானாகவோ பெறுவார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் பணம் தாய்க் கம்பெனியின் கணக்கோடு கலந்து, அதன் பாங்கிக் கடனுக்கு ஈடுசெய்யும் தண்ணீராக ஓடிப்போயிற்று. கட்டியவர்களுக்குப் பண்டிகையும் இல்லை, பணமும் இல்லை. பல வருஷங்கள் கழித்து ஒரு பகுதியே திரும்பிவந்தது. அந்த அநுபவத்துக்குப் பின்னரே, வாடிக்கைக்காரர் பணத்தைத் தனி டிரஸ்டுக் கணக்கில் வைக்கும் வழக்கம் அத்தொழிலில் நிலைபெற்றது. 2024-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு இயற்றிய சட்டம் அப்படிப்பட்ட பாதுகாப்பைக் கடமையாக்கியது.

இனி நம் தேசத்துச் சட்டத்தைப் பார்ப்போம். முறிந்த ஸ்தாபனம் கம்பெனியாயிருந்தால் 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டம் அதற்குப் பொருந்தும். அதன் 53-ஆவது பிரிவு ஒரு கல்யாணப் பந்தியைப் போன்றது. முதற் பந்தி, திவால் நடவடிக்கையின் செலவுக்கு. இரண்டாம் பந்தியில், முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கியும், ஈட்டை விட்டுக்கொடுத்த பாங்கியின் கடனும் சமமாக உட்காருகின்றன. மூன்றாவதில், தொழிலாளர் அல்லாத ஊழியரின் 12 மாதப் பாக்கி. அப்புறம் ஈடில்லாமற் பணம் கொடுத்த நிதிக் கடன்காரர். அதன் பின் சர்க்கார் வரி. இவர்கள் எல்லோரும் எழுந்த பிறகே, முன்பணம் கட்டியவரும் சரக்குக் கொடுத்தவரும் "ஏனைய கடன்கள்" என்ற பெயரில் இலையைத் தேடுகிறார்கள். அதற்குள் அண்டா காலியாயிருக்கும்.

தொழிலாளிக்கு இரண்டாம் பந்தி கிடைத்ததே என்று திருப்தியடையலாம். ஆனால் அவரோடு உட்காருவது ஈட்டை விட்டுக்கொடுத்த பாங்கி மாத்திரமே. ஈட்டை விடாமல் தானே விற்று எடுத்துக்கொள்ளும் உரிமை பாங்கிக்கு உண்டு. ஸ்தாபனத்தில் விலைபோகக்கூடிய நிலமும் கட்டிடமும் அவ்வாறு வெளியே போய்விட்டால், பந்தியில் பரிமாற என்ன மிஞ்சும்? பழைய கம்பெனிச் சட்ட முறைப்படி தொழிலாளர்க்கு இருந்த முன்னுரிமை இத்திவால் நடவடிக்கைகளுக்குப் பொருந்தாது என்ற ஏற்பாட்டைச் சுப்ரீம் கோர்ட்டு 2023-ஆம் வருஷம் மோசர் பேயர் தொழிலாளர் வழக்கில் ஒப்புக்கொண்டது. பிராவிடண்டு நிதியும் கிராஜுவிட்டி நிதியும் பங்கீட்டுச் சொத்தில் சேரா என்பது ஓர் ஆறுதல். அந்த நிதியில் முதலாளி ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தால்தான் அந்த ஆறுதலும். மேலும், கம்பெனியைக் காப்பாற்றுவதா, கலைப்பதா என்று தீர்மானிக்கும் கடன் கொடுத்தோர் கமிட்டியில் ஓட்டு உள்ளவர்கள் நிதிக் கடன் கொடுத்தவர்களே. தொழிலாளருக்கும் சரக்குக் கொடுத்தவருக்கும் ஓட்டு இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

ஆகாய விமானக் கம்பெனிகளின் கதி சமீபத்திய உதாரணம். ஜெட் ஏர்வேஸ் 2019-ஆம் வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. ஐந்து வருஷங்களுக்கு மேல் மீட்புத் திட்டங்கள் பேசப்பட்டன. 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிடும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. 2025 ஜனவரியில் அதைக் கலைக்க உத்தரவாயிற்று. டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய பிரயாணி அன்று விமான நிலையத்தில் நின்றதோடு அவர் கஷ்டம் தீரவில்லை. தம் பணத்துக்காக அவரும் பந்தியின் கடைசியில் நிற்கிறார்.

கம்பெனியல்லாத தனி முதலாளியின் கடையோ, கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் கடையோ முறிந்தால் நிலைமை இன்னும் விபரீதமானது. மதுரையின் மாசி வீதிகளிலும் நம் கிராமங்களிலும் உள்ள கடைகளிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2016 சட்டத்தில் தனி மனிதர்களுக்கும் கூட்டுக் கடைகளுக்குமான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தில் மாத்திரம் 2019 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு வெள்ளைக்கார சர்க்கார் இயற்றிய 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டமே இன்னும் கதி. அதன் 61-ஆவது பிரிவு தொழிலாளிக்குக் கொடுக்கும் முன்னுரிமை என்ன தெரியுமா? மனுவுக்கு முந்தைய நான்கு மாத வேலைக்கு, ஆகமொத்தம் இருபது ரூபாய்! 1920-இல் இருபது ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். இன்று அத்தொகைக்கு நல்ல சாப்பாடு ஒன்றுகூடக் கிடைக்காது. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும் இந்த வாசகம் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதை மாற்றுவதற்குப் பணமும் வேண்டாம், பெரிய ஆராய்ச்சியும் வேண்டாம். ஒரு திருத்தம் போதும். எட்டு வருஷங்களுக்கு மேலாகத் தூங்கும் பகுதியை அமுலுக்குக் கொண்டுவந்தாலும் போதும். கூலிக்காரனுக்காக வாதாட ஆள் இல்லாததால்தான் அந்த இருபது ரூபாய் பிழைத்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

வாடிக்கைக்காரரின் விஷயத்துக்கு வருவோம். நகைக் கடைகளில் மாதச் சேமிப்புத் திட்டம் பெரும்பாலும் பதினொரு மாதமாக இருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள்; காரணத்தைச் சிலரே அறிவார்கள். சரக்குக்காகக் கம்பெனி வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் சரக்கில் கழித்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது என்று 2014-ஆம் வருஷத்து டெபாசிட் விதிகள் கூறுகின்றன. டெபாசிட் ஆகாததால் டெபாசிட்டுக்குரிய காவலும் அதற்கு இல்லை. பணம் கட்டும் குடும்பமோ, பாங்கியிற் போட்டதைப் போன்ற நம்பிக்கையோடு கட்டுகிறது. 2023 அக்டோபரில், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மதுரை முதலிய ஊர்களிலும் கிளை நடத்திய பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் மூடப்பட்டன. பணம் கட்டியவர்கள் போலீஸ் பொருளாதாரக் குற்றப் பிரிவின் வாசலில் கூடினார்கள். அந்த வழக்கின் நியாயாநியாயம் கோர்ட்டைச் சேர்ந்தது. அதைப் பற்றி நாம் அபிப்பிராயம் கூறவில்லை. கதவு மூடிய பின்பே ஜனங்கள் தங்கள் பணத்தின் நிலைமையை அறிந்தார்கள் என்பதையே சுட்டுகிறோம்.

இத்தகைய சந்தர்ப்பங்களுக்காக நம் ராஜ்யத்தில் 1997-ஆம் வருஷத்து டெபாசிட்டுதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொத்துக்களை ஜப்தி செய்யவும், தனிக் கோர்ட்டு விசாரிக்கவும் அது வகை செய்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2011-இல் அது செல்லுமென்று தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது தீப்பிடித்த பின் வரும் தண்ணீர் வண்டி. தீ பிடிக்காமலிருக்க என்ன ஏற்பாடு?

ஏற்பாட்டுக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. 1982-ஆம் வருஷத்துச் சிட்பண்டுச் சட்டப்படி, சீட்டு நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்குச் சமமான ஈட்டை முன்கூட்டியே வைத்த பிறகுதான் சீட்டைத் தொடங்கலாம். பாங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. இவையெல்லாம் முறிவுகளிலிருந்து கற்ற பாடங்கள். 1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. வெள்ளைக்காரர் கம்பெனி என்றால் விழாது என்ற மயக்கம் அன்றோடு ஒழிந்தது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் மறுவருஷமே இந்தியன் பாங்கி தோன்றிற்று. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கி விழுந்ததன் பயனாக, 1962 ஜனவரி முதல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. அன்று 1,500 ரூபாயாயிருந்த வரம்பு 2020 முதல் ஐந்து லட்சமாக இருக்கிறது. பாங்கியில் பணம் போட்டவருக்காக இரண்டு முறிவுகள் பாடம் கற்பித்தன. கடையில் முன்பணம் கட்டியவருக்காகவும், ஆலையில் உழைத்தவருக்காகவும் இன்னும் எத்தனை முறிவுகள் தேவையோ!

எந்த ஸ்தாபனமும் மூடப்படவே கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. நஷ்டத்தில் ஓடும் ஆலையை உத்தரவு போட்டு ஓடவைக்க முடியாது. ஆட்குறைப்புக்குச் சர்க்கார் அனுமதி வேண்டுமென்ற 25-என் பிரிவு செல்லுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1992-இல் முடிவு செய்தது மீனாட்சி மில் தொழிலாளர் வழக்கிலேதான். தொழிலாளர்க்கு அது முக்கியமான வெற்றி. ஆயினும் அனுமதி மறுக்கும் அதிகாரம் முதலாளியின் பெட்டியில் பணத்தை உண்டாக்காது. அந்தப் பாதுகாப்பும் சுருங்கிவிட்டது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலைக்குத் தேவைப்பட்ட அனுமதி இப்போது 300 பேர் உள்ள ஆலைக்கே தேவை. மூடப்பட்ட ஜவுளி ஆலைகளின் தொழிலாளருக்கு முதல் வருஷம் சம்பளத்தில் 75 சதவிகிதம், இரண்டாம் வருஷம் 50, மூன்றாம் வருஷம் 25 என்று உதவிவந்த 1986-ஆம் வருஷத்து மறுவாழ்வு நிதித் திட்டமும் 2017-இல் நிறுத்தப்பட்டது. மூடும் சுதந்திரத்தை முதலாளிக்கு அதிகப்படுத்துகிறவர்கள், மூடியபின் தொழிலாளி பிழைக்கும் வழியையும் கூடவே அதிகப்படுத்த வேண்டாமா? ஒரு தட்டை மாத்திரம் உயர்த்தினால் அது தராசாகாது.

முன்பணத்தைத் தனியே பூட்டி வைத்தால் சிறு வியாபாரி முதலுக்கு எங்கே போவார் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தையற்காரர் வாங்கும் நூறு ரூபாய் முன்பணத்துக்கு டிரஸ்டுக் கணக்கு வேண்டியதில்லை. மாதாமாதம் தவணையாகத் திரட்டும் திட்டங்களுக்கும், ஒரு வரம்புக்கு மேற்பட்ட முன்பணத்துக்கும் விதித்தால் போதும். பிறர் பணத்தை வட்டியின்றி முதலாக்கினால்தான் நடக்கும் வியாபாரம், அப்பணத்தைக் கொடுத்தவரிடம் அதைச் சொல்லிவிட்டாவது நடக்கட்டும்.

ஆகவே, நாம் கோருவன இவை. தவணைத் திட்டங்களில் திரளும் பணம் தனி டிரஸ்டுக் கணக்கில் இருக்க வேண்டும். பாங்கி அதைத் தன் கடனுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கலாகாது. முதலாளிகளிடம் சிறு சந்தா வசூலித்துச் சம்பள உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்தி, ஆலை மூடிய மாதமே தொழிலாளிக்கு மூன்று மாதப் பாக்கியாவது கிடைக்கச் செய்ய வேண்டும். 1920-ஆம் வருஷத்து இருபது ரூபாய் ஒழிய வேண்டும். கம்பெனித் திவால் ட்ரிப்யூனல் தென் ஜில்லாக்களுக்காக மதுரையிலும் உட்கார வேண்டும். 2004-இல் ஹைகோர்ட்டுக் கிளை இங்கே வந்தபோது, வழக்குக்காகச் சென்னை ஓடும் ஏழையின் கஷ்டமே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரணம் திவால் வழக்குக்கும் பொருந்தும்.

சட்டம் திருந்தும் வரையில் ஜனங்கள் செய்யவேண்டியதும் உண்டு. முன்பணம் கட்டுவது கடன் கொடுப்பது என்பதை மனத்தில் வைத்து, கடன் கொடுக்கத் தகுந்த இடத்திலேயே கட்டவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். தொழிலாளர் தங்கள் பிராவிடண்டு நிதிக் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். முறிவின் முதல் அறிகுறி பெரும்பாலும் அங்கேதான் தெரியும். கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனால், பாத்தியதையை எழுதிக்கொடுக்கும்படி தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வெளிவரும். அதற்குத் தரப்படும் தவணை பதினான்கே நாட்கள். சிறு எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தைப் படிக்காமற் புரட்டிவிடுகிறவர் தமக்குள்ள கடைசி இலையையும் இழக்கிறார்.

வியாபாரத்தில் விழுவதும் எழுவதும் இயற்கை. துணிந்து தொழில் தொடங்கியவர் தோற்றால் அவரை மன்னித்து மறுபடி நிற்கவிடுவதே நாகரிகமான சட்டத்தின் இலட்சணம். ஆனால் அந்த மன்னிப்பின் விலையை, துணிகரத்தில் பங்கில்லாத தொழிலாளியும் வாடிக்கைக்காரரும் கட்டும்படி விடுவது நியாயமாகாது. லாபம் வந்தபோது பந்திக்கு அழைக்கப்படாதவர்கள் இவர்கள். நஷ்டம் வந்த அன்றாவது இவர்களுக்கு முதலில் இலை போடுவதே தர்மம்.